பழைய காரில் கூலன்ட் விளக்கு எரிகிறதா? சூட்டோடு மூடியைத் தொடாதீர்கள்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று விற்றவருக்கு போன் போட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சென்சார் கோளாறா இருக்கும். தண்ணி ஊத்தி ஓட்டுங்க." சென்சார் கோளாறாகவும் இருக்கலாம்தான். ஆனால் இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இல்லை. மூடிய சுற்றுக்குள்ளேயே ஓடுவது. அடிக்கடி குறைகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. அந்த இடத்தைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் முதல் தவறு.

எரிவது எந்த விளக்கு என்றும் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீல நிறத்தில் தெரிந்தால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் தானே அணையும். சிவப்பு என்றால் விஷயம் வேறு. நாங்குநேரி தாண்டும்போது எரிந்தால், "வள்ளியூர் போய்ப் பார்த்துக்கலாம்" என்று மிதிக்காதீர்கள். ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கிற கேஸ்கெட் போனால், ஒரு ஹோஸ் மாற்றுவதோடு முடிகிற வேலை இன்ஜினைப் பிரிக்கிற வேலையாகிவிடும். சூட்டைக் காட்டும் மீட்டர் முள் திடீரென்று கீழே இறங்கினாலும் சந்தோஷப்படாதீர்கள். கூலன்ட் மொத்தமும் போய்விட்டால் சென்சாரைத் தொட அங்கே எதுவும் இருக்காது. முள் பொய் சொல்லும்.

அடுத்தது கூலன்ட் ஊற்றுகிற மூடி. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடியின் அழுத்தத்தில் 125 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் அழுத்தம் விட்டுப்போய் அத்தனையும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி, முக்கால் மணி நேரம் விடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் இன்னும் கூடுதலாகவே ஆகும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று, சூடில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் ஆபத்து, இன்ஜினில் விரிசல் விடலாம்.

பழைய வண்டிகளில் பலர் ஏமாறுவது பாட்டிலைப் பார்த்துத்தான். ரேடியேட்டருக்குத் தனி மூடி உள்ள கார்களில், பக்கத்து பாட்டில் வெறும் சேமிப்புதான். இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டர் அதிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் ரப்பர் கெட்டுப்போனாலோ இடையிலுள்ள சின்னக் குழாயில் ஓட்டை விழுந்தாலோ உறிஞ்சாது. பாட்டிலில் அளவு சரியாக இருக்கும், ரேடியேட்டர் காய்ந்து கிடக்கும். அதனால் வண்டி வாங்கப் போகிறவர்கள் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். துருநிறத் தண்ணீரோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம். சாவியை ஆன் செய்ததும் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைகின்றனவா என்றும் கவனியுங்கள். விளக்கையே கழற்றி வைத்து விற்கிற ஆட்களும் உண்டு.

சரி, எதை ஊற்றுவது? ராதாபுரம், திசையன்விளை பக்கம் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர்தான். வெந்நீர்ப் பானையில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரையும் ஊற்றி ஷெட் வரை போகலாம், அப்புறம் வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டரோடு சரியான கூலன்ட்டைக் கலந்து ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டிக் கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு. ஒழுக்கை அடைக்க மஞ்சள்தூள் போடுகிற லாரிக்காரர் வித்தை வழியில் கைகொடுக்கும், ஆனால் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்க மஞ்சளுக்குத் தெரியாது.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கழற்றிப் போடுகிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். விடாதீர்கள். இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கிற வால்வு அது. அது இல்லாமல் இன்ஜின் தன் சூட்டுக்கு வரத் தாமதமாகும், மைலேஜ் குறையும், உண்மையான கோளாறும் மறைந்துகொள்ளும். அதற்குப் பதில் வண்டி எப்போது சூடாகிறது என்று அவரிடம் சொல்லுங்கள். குற்றாலம் சீசன் நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் ஏறி, நான்குவழிச் சாலையில் இறங்கினால் ஃபேன், ரிலே, ஃபியூஸ் பக்கம் பார்க்கச் சொல்லலாம். வேகத்திலும் மலையேற்றத்திலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் மேல் சந்தேகம். வெளியே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லாமல் அளவு மட்டும் குறைந்து, புகையும் வெள்ளையாக வந்தால் ஹெட் கேஸ்கெட்.

வடித்த பழைய கூலன்ட்டை வாய்க்காலில் ஊற்ற விடாதீர்கள். கூலன்ட்டில் பெரும்பாலும் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக வேறு இருக்கும், நாயும் ஆடும் நக்கிவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து ஷெட்டிலேயே ஒப்படையுங்கள்.