உச்சி வெயில் 1.18க்கு: ஐந்து நிமிட வானொலி அறிவியல் உரை தயாரிக்கும் முறை

பிரையன் காக்ஸ் துகள் இயற்பியலாளர். ஜெர்மனியின் ஹம்பர்க்கிலுள்ள ஹெரா துகள் முடுக்கியில் ஆய்வு செய்து 1998இல் மான்செஸ்டரில் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் அட்லஸ் சோதனையில் பணியாற்றினார். ஆனால் 2010இல் பிபிசி தொலைக்காட்சியில் சூரியனின் ஆற்றலை விளக்கியபோது அவர் கையில் இருந்தவை ஒரு டப்பாத் தண்ணீர், ஒரு குடை, ஒரு வெப்பமானி. இடம் அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனம். நிழலை விலக்கியதும் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்து, அந்தச் சின்னக் கணக்கிலிருந்தே முழுச் சூரியனுக்கும் போனார்.

வானொலியில் படம் கிடையாது. அதனால் அந்த டப்பாவும் குடையும் கேட்பவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். கோலாலம்பூரில் முதன்முதலாகத் தமிழில் பேசப்போகிறவருக்கு நிழல் மறையும் நாளைவிட நல்ல பொருள் இல்லை. சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டே முறை: மார்ச் 28, செப்டம்பர் 15 வாக்கில். பினாங்கில் ஏப்ரல் 3, செப்டம்பர் 9 வாக்கில்.

எழுத உட்காரும் முன் நீங்களே செய்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டு ஒன்று போதும். கார் நிறுத்துமிடத்தின் தரை தண்ணீர் வடியச் சற்றுச் சரிவாகவே இருக்கும். அப்படியே நிறுத்தினால் ஏமாறுவீர்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, குழாயை அதற்கு இணையாக நிறுத்துங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே 5 மில்லிமீட்டர் நிழல் விழும். சரியாக நின்றால் வெளியே நிழலே இருக்காது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் அடித்தரை முழுவதும் வெயில்.

அதிகம் சறுக்குவது நேரத்தில்தான். உச்சி வெயில் என்றாலே பன்னிரண்டு மணி என்று நமக்கு வாயில் வந்துவிடுகிறது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைப்படி ஓடுகிறது. கோலாலம்பூர் இருப்பதோ 101.7 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்றால் 73 நிமிட வித்தியாசம். மார்ச் கடைசியில் சூரியன் இன்னும் 5 நிமிடம் பிந்தும். ஆக, மதியம் 1.18. செப்டம்பரில் 1.08. நீங்கள் "12 மணி" என்று சொல்லிவிட்டால், வெயிலில் போய் நிற்கிறவர் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நிழலைப் பார்ப்பார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் ஏன் நம்ப வேண்டும்?

ஐந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 450 சொல். கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். "சூரியச் சரிவுக் கோணம்" எழுத்தில் அழகு, காதில் சுமை; "சூரியன் வடக்கே எவ்வளவு நகர்ந்திருக்கிறது" என்று சொன்னால் போதும். எண்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். சூரியனின் தூரத்தை 15 கோடி என்பதைவிட 150 மில்லியன் கிலோமீட்டர் என்றால் இங்குள்ள இளையவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நேரத்தை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள், ஏனென்றால் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர் திருப்பிக் கேட்க முடியாது.

பதிவின்போது மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் "குழாய்ப்பக்கம்" போன்ற சொற்களில் காற்று மோதி 'டும்' என்று கேட்கும். பதிவுக் கருவியின் ஒலிமானியில் உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. மின்விசிறி, ஏர்கான் இரண்டையும் நிறுத்துங்கள். காலையிலேயே பதிவை முடிப்பது நல்லது. இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும்.

அந்த மழை மேகம் கேட்பவரின் சோதனையையும் கெடுக்கும். ஆகவே உரையை இரண்டு நாள் முன்னதாகவே ஒலிபரப்பக் கொடுங்கள். சூரியன் அப்போது நாளுக்கு 0.4 பாகைதான் நகர்கிறது. முந்தின நாளோ மறுநாளோ பார்த்தாலும் அந்தக் குழாயின் நிழல் 2 மில்லிமீட்டர்தான். உரையின் கடைசி வாக்கியமாக இதையே வையுங்கள்.