பயோஃபிலிம் மரபியல்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

"இந்த ஜீனை நீக்கினேன், பயோஃபிலிம் போய்விட்டது. அப்படியென்றால் இது பயோஃபிலிம் ஜீன்தானே?" புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் எல்லாரும் ஒருநாள் இதைக் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான். (பாக்டீரியாக்கள் பரப்பில் ஒட்டிக்கொண்டு கூட்டமாகக் கட்டும் படலம்தான் பயோஃபிலிம்.) கலப்படம் பாருங்கள், கன்ட்ரோல் வையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

37 டிகிரியில் கர்லியைத் தேடுவது

ஈ. கோலை பாக்டீரியாவின் ஆய்வக வகையான கே-12 தன்னைச் சுற்றி நெய்யும் கர்லி இழைகளுக்குச் சாவி, சிஎஸ்ஜிடி என்ற புரதம். வழக்கமான கே-12 ஸ்ட்ரெயின்களில் (உள்வகைகளில்) அது 30 டிகிரிக்குக் கீழே, உப்பு குறைந்த ஊடகத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போட்ட எல்பி ஊடகத்தில், 37 டிகிரியில் வளர்த்தால், கர்லி இருந்தால் சிவக்கும் காங்கோ ரெட் சாயப் பிளேட்டில் எல்லாக் காலனியும் வெளிறித்தான் நிற்கும். வைல்ட் டைப்புக்கும் (மாற்றாத மூலத்துக்கும்) மியூட்டன்டுக்கும் (ஜீன் மாற்றியதற்கும்) வித்தியாசமே இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உப்பில்லாத எல்பி, 28 டிகிரி, இரண்டு நாள் பொறுமை.

வளர்ச்சியைப் பார்க்காமல் சாயத்தை அளப்பது

மெதுவாக வளரும் மியூட்டன்டில், பயோஃபிலிமை அளக்கும் கிரிஸ்டல் வயலட் சாயம் குறைவாகத்தான் ஒட்டும். முதலில் ஓ.டி. (OD, செல் எவ்வளவு வளர்ந்தது என்று காட்டும் கலங்கல் அளவு) பாருங்கள்.

தாய் ஸ்ட்ரெயினை அப்படியே நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஈ. கோலையில் பட்டினி, அமிலம், உப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று எந்த நெருக்கடி வந்தாலும் முன்னால் நிற்பது ஆர்போஎஸ் என்ற சிக்மா காரணி, அதாவது ஜீன்களைப் படிக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸுக்கு எந்த ஜீனைப் படிப்பது என்று காட்டும் புரதம். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஜீன்கள் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ இதன் கையில் இருக்கின்றன. சிஎஸ்ஜிடியும் அதில் ஒன்று. ஆகவே ஆர்போஎஸ் கெட்டால் பயோஃபிலிமும் நெருக்கடி தாங்கும் சக்தியும் சேர்ந்தே சரியும்.

தொல்லை என்னவென்றால், ஆய்வகத்தில் இது மிகச் சுலபமாகக் கெடும். ஆர்என்ஏ பாலிமரேஸைப் பிடிப்பதில் ஆர்போஎஸ்ஸுக்கும் அன்றாட வளர்ச்சியைக் கவனிக்கும் சிக்மா 70க்கும் போட்டி. நீண்ட பட்டினியில், ஆர்போஎஸ் பலவீனமான செல்கள் மிச்சமிருக்கும் உணவைப் பிடுங்கி வளர்ந்து, கூட்டத்தையே பிடித்துவிடும். நுண்ணுயிரியலாளர் ராபர்டோ கோல்ட்டரின் குழு 1993இல் இதைக் காட்டியது. பழைய ஸ்டாப் (அகாரில் குத்திவைத்த வளர்ப்பு), குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் மறந்து கிடந்த பிளேட் எல்லாமே இந்தப் போட்டி நடக்கும் இடங்கள்தான்.

ஒரு மாணவர் இப்படிப்பட்ட பழைய பிளேட்டிலிருந்து ஒரு காலனியை எடுத்து அதில் ஜீனை நீக்கினார். ஒப்பிட எடுத்த வைல்ட் டைப்போ வேறொரு ஆய்வகத்திலிருந்து வந்தது. மியூட்டன்டில் பயோஃபிலிம் இல்லை, பெராக்சைடு தாங்கவில்லை, அமிலமும் தாங்கவில்லை. ஒரே ஜீன் மூன்றையும் ஆள்கிறது என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையத்தில்) ஜீனைத் திருப்பிக் கொடுத்தபோது எதுவும் மீளவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். "பிளாஸ்மிடில் வெளிப்பாடு அதிகமாகியிருக்கும்" என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்து, மாதக்கணக்கில் அதே பாதையில் போனார்.

கடைசியில் நடந்தது ஐந்து நிமிட வேலை. வளர்ந்த பிளேட்டை ஒரு இரவு 4 டிகிரியில் வைத்து, மறுநாள் அதன் மேல் அயோடின் கரைசலை ஊற்றினோம். ஆர்போஎஸ் உள்ள செல்கள் கிளைக்கோஜனைச் சேர்த்து வைப்பதால் வைல்ட் டைப் காலனிகள் அடர்பழுப்பாக மாறின. மியூட்டன்ட் காலனிகள் வெளிர்மஞ்சளாகவே கிடந்தன. ஆர்போஎஸ் ஜீனை வரிசைப்படுத்தியதில் நடுவே, புரதத்தைப் பாதியில் முடித்துவிடும் ஒரு நிறுத்தக் கோடான். நீக்கிய ஜீனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இந்த ஸ்டாக்கை நாங்கள் பல வருடமாகப் பயன்படுத்துகிறோம்" என்று பெரியவர்கள் சொல்லும் சமாதானம்தான் எனக்கு இன்னும் பிடிக்காதது. பல வருடம் என்பதுதானே பிரச்சினையே! பெயரை நம்பியும் பயனில்லை. எம்ஜி1655 (ஒரு கே-12 ஸ்ட்ரெயின்) என்றே லேபிள் ஒட்டிய ஸ்டாக்குகளில் சிலவற்றில், நீச்சலை ஆளும் எஃப்எல்எச்டிசி ஜீன்களுக்கு முன்னால் ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு நுழைந்திருக்கும். அவை வேகமாக நீந்தும். மற்றவை சோம்பலாக நகரும். நீச்சல் மாறினால் பரப்பில் ஒட்டுவதும் மாறும்.

மாற்று வழி கடினமில்லை. நீக்கத்தை பி1 ஃபேஜ் (டிஎன்ஏவைச் செல்லுக்குச் செல் கடத்தும் வைரஸ்) மூலம் சுத்தமான தாய் ஸ்ட்ரெயினுக்கு மாற்றுங்கள். தனித்தனியாகக் கிடைத்த இரண்டு மூன்று காலனிகளையாவது சோதியுங்கள். ஜீனைத் திருப்பிக் கொடுப்பதென்றால் குரோமோசோமில் ஒரே பிரதியாகக் கொடுங்கள். 3985 ஜீன் நீக்கங்கள் உள்ள கெய்யோ தொகுப்பிலிருந்து எடுத்தாலும் இதே சோதனைதான். அதன் தாய் பிடபிள்யூ25113. அதை விட்டுவிட்டு எம்ஜி1655ஓடு ஒப்பிடாதீர்கள்.

பேசிலஸ் சப்டிலிஸின் 168 ஸ்ட்ரெயினில் சுருக்கப் படலம் தேடுவது

வேண்டாம். ஆய்வகத்தில் பழக்கப்பட்டு அதன் படலத் திறன் மழுங்கிவிட்டது. அப்படிப் பழக்கப்படாத 3610 ஸ்ட்ரெயினை எடுங்கள்.

வளரும் செல்லையும் தேங்கிய செல்லையும் ஒப்பிடுவது

வேகமாக வளரும் செல்லில் ஆர்எஸ்எஸ்பி என்ற புரதம் பிடித்துக் கொடுக்க, கிளிப்எக்ஸ்பி என்ற புரதச் சிதைப்பான் ஆர்போஎஸ்ஸைச் சில நிமிடங்களில் அரைத்துவிடும். எந்தக் கட்டத்தில் எடுத்த செல் என்று எழுதாத பெராக்சைடு முடிவை நான் படிப்பதே இல்லை.

மிகையாக ஏற்றிவிட்டு ஆதாரம் என்பது

செல்லுக்குள் செய்தி சொல்லும் சிறு மூலக்கூறான சைக்ளிக் டை-ஜிஎம்பி கூடினால் செல் நீச்சலை விட்டு ஒட்டத் தொடங்கும். அதை உண்டாக்கும் அல்லது உடைக்கும் வகைப் பகுதிகள் கொண்ட 29 புரதங்கள் ஈ. கோலை கே-12இல் இருக்கின்றன. உண்டாக்கும் எதைப் பிளாஸ்மிடில் அளவுக்கு மீறி ஏற்றினாலும் பயோஃபிலிம் கூடத்தான் செய்யும். இயல்பான அளவில் அந்தப் புரதம் என்ன செய்கிறது என்பதற்கு அது பதிலாகாது. குரோமோசோமில் அதன் செயல்மையத்தை மட்டும் கெடுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.