ஹாஸ்கெல் மொழியில் வரிவரியாக உள்ளீடு பெறும் முறை

ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியில் எந்த மதிப்பும் தேவைப்படும்வரை கணக்கிடப்படுவதில்லை. இதைச் 'சோம்பல்' கணிப்பு என்பார்கள். ஆகவே பயனர் ஒரு வரியைத் தட்டச்சு செய்தவுடன் நிரல் விடையளிக்க வேண்டுமானால், எந்த மதிப்பு எப்போது தேவைப்படுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வரிக்கு ஓர் எண்ணைப் பெற்று, அதுவரையிலான கூட்டுத்தொகையைக் காட்டும் சிறு நிரலை எடுத்துக்கொள்வோம்.

மிகச் சுருக்கமான வழி 'இன்டராக்ட்' என்னும் செயற்கூறு. அது முழு உள்ளீட்டையும் ஒரே சரமாகத் தருகிறது. அந்தச் சரம் தேவைக்கேற்பவே படிக்கப்படும். 'லைன்ஸ்' கொண்டு வரிகளாகப் பிரித்து, 'டேக்வைல்' கொண்டு வெற்று வரியில் நிறுத்தி, எண்களாக்கி, ஒவ்வொரு படியின் தொகையையும் பட்டியலாகத் தரும் 'ஸ்கேன்எல்' கொண்டு கூட்டி, விடைகளைச் சரங்களாக்கி 'அன்லைன்ஸ்' கொண்டு இணைத்தால் நிரல் முடிந்தது. 'ஸ்கேன்எல்' தன் தொடக்க மதிப்பைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே வெளியிடுவதால், பயனர் எதையும் தட்டுவதற்குள் திரையில் 0 தோன்றும். மாறாக, பட்டியல் வெறுமையா என்று சோதித்த பின்னரே, பயனரிடம் எண்ணைக் கேட்கும் கேள்வியை எழுதும் செயற்கூறு ஒன்றை நாமே அமைத்தால், பயனர் பதில் தந்த பிறகுதான் கேள்வி திரைக்கு வரும். இதைச் சோம்பல் வடிவப் பொருத்தத்தால், அதாவது பட்டியலின் வடிவத்தைச் சோதிப்பதைத் தேவைப்படும்வரை தள்ளிப்போடுவதால், சரிசெய்யலாம் என்றாலும், நிரல் வளர வளர இந்த வரிசையைக் காப்பது கடினம். 1990இல் வெளியான முதல் ஹாஸ்கெல் வரையறையின் உள்ளீட்டு முறையும் சோம்பல் பட்டியல்களையே நம்பியிருந்தது. 1996இல் வந்த 1.3 பதிப்பு, செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் மோனாட் முறைக்கு மாறியது.

எனவே உள்ளீட்டை வாங்கி மாற்றி வெளியிடும் வடிகட்டி போன்ற நிரல்களுக்கு மட்டும் 'இன்டராக்ட்' போதும். பயனரோடு உரையாடுவதற்கு, உள்ளீடு-வெளியீட்டுச் செயல்களை வரிசையாகத் திரும்பத் திரும்பச் செய்யும் ஐஓ சுழலே ஏற்றது. கூட்டுத்தொகையை அளபுருவாகப் பெறும் ஒரு செயற்கூறு கேள்வியை அச்சிட்டு, 'இஸ்ஈஓஎஃப்' கொண்டு உள்ளீடு முடிந்ததா என்று சோதித்து, 'கெட்லைன்' மூலம் ஒரு வரியைப் படித்து, புதிய தொகையுடன் தன்னையே அழைக்கட்டும். எண்ணாக்குவதற்கு, எண்ணாக்க முடியாவிட்டால் அதைப் பிழையின்றித் தெரிவிக்கும் 'ரீட்மேபி' பயன்படுத்துங்கள். வெறும் 'ரீட்' பயன்படுத்தினால், தவறான உள்ளீட்டின் பிழை வரியைப் படித்த இடத்தில் எழாமல், அந்த எண் முதன்முதலாகத் தேவைப்படும் இடத்தில் எழும். பெரிய நிரலில் அதன் மூலத்தைத் தேடுவது மிகுந்த சிரமம்.

எஞ்சியிருப்பது, வெளியீட்டைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்கும் பஃபர். டெர்மினலில் வெளியீடு வரி முடியும்வரை தேக்கி வைக்கப்படுவதால், புதுவரிக் குறி இல்லாமல் 'புட்எஸ்டிஆர்' எழுதும் கேள்வி உடனே தோன்றாது. ஹாஸ்கெல் வரிகளை உடனுக்குடன் இயக்கிப் பார்க்கும் ஜிஹெச்சிஐ உள்ளே பஃபர் நிறுத்தப்பட்டிருப்பதால் அங்கே இந்தக் குறை தெரியாது. தொகுத்த நிரலில்தான் வெளிப்படும். கேள்விக்குப் பின், தேங்கியதை உடனே வெளியே தள்ளும் 'ஹெச்ஃப்ளஷ்' அழையுங்கள். நிரலைக் குழாய்வழி வேறொரு நிரலோடு இணைக்கும்போது பெரும் தொகுதிகளாகத் தேக்கப்படுவதால், விடை வரிகளும் உடனுக்குடன் போய்ச்சேர, தொடக்கத்திலேயே 'ஹெச்செட்பஃபரிங்' மூலம், வரி முடிந்தவுடன் வெளியிடும் 'லைன்பஃபரிங்' அமைத்துவிடுங்கள்.