மேன்ஹோலுக்குள் ஆள் இறங்கினால்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் சாக்கடை அடைத்தால், திறந்த மூடிக்குப் பக்கத்தில் ஒருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பார். அவரிடம் சட்டம் பேசாதீர்கள். "அண்ணா, இறங்காதீங்க, கூலி நான் வாங்கித் தர்றேன்" என்று சொல்லுங்கள். கூலி போய்விடுமே என்பதுதான் அவர் பயம்.

சட்டமெல்லாம் கூட்டி வந்தவருக்கு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். உயிர் போனால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டு ஓனர் இந்தத் தொகையைக் கேட்ட பிறகுதான் மூடியைப் போட்டார்!

அப்புறம் 1916க்கு அழைத்து, குடிநீர் வாரியத்தின் இயந்திர வண்டியைக் கேளுங்கள். போட்டோ எடுத்தால் அண்ணாவின் முகம் விழ வேண்டாம். வண்டி வரும்வரை அவருக்கு ஒரு டீ.