வீட்டுக்குள் கோல்ஃப் சுவிங் பதிவு: விளக்கிலிருந்து கினோவியா வரை

கோல்ஃப் சுவிங்கை, அதாவது கிளப்பை வீசுவதை, படம்பிடிக்கக் கிளம்புகிறவர்கள் பணத்தைப் பெரும்பாலும் கேமராவில்தான் கொட்டுகிறார்கள். அறைக்குள் எடுக்கும் வீடியோ எப்படி வரும் என்பதை முதலில் முடிவு செய்வது வெளிச்சம், அடுத்தது ஷட்டர் வேகம். கேமரா மூன்றாவதாகத்தான் வருகிறது. இந்த வரிசையிலேயே செய்யுங்கள். செலவும் குறையும், அலைச்சலும் குறையும்.

வலை, மேட், பக்கத் தடுப்பு எல்லாம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். கூரை 3 மீட்டர் (சுமார் 10 அடி) இருந்தால் பெரும்பாலானவர்கள் டிரைவரை (மிக நீளமான கிளப்பை) தயங்காமல் வீசலாம். சீலிங் ஃபேன் இருந்தால் நிறுத்தி வைப்பது போதாது, ராடோடு சேர்த்துக் கழற்றிவிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

டிரைவரின் தலை மணிக்கு 100 மைல் வேகத்தில் வருகிறது என்றால் அது வினாடிக்குச் சுமார் 45 மீட்டர். ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தால் அந்த நேரத்துக்குள் கிளப் தலை 75 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் கிளப்பே இருக்காது, ஒரு சாம்பல் படலம்தான் தெரியும். 1/1000 வைத்தால் 4.5 செ.மீ., 1/2000 வைத்தால் 2.2 செ.மீ. ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) தெளிவாகத் தெரிய 1/1000 போதும். பந்தில் படும் நேரத்தில் கிளப் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க 1/2000 வேண்டும்.

ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது வினாடிக்கு எத்தனை படம் என்பது, வேறு விஷயம். கிளப் மேலிருந்து கீழே வர ஏறக்குறைய கால் வினாடி ஆகிறது. அதற்குள் 60 ஃப்ரேம் கேமரா 15 படம் எடுக்கும், 120 எடுப்பது 30, 240 எடுப்பது 60. கற்றுக்கொள்பவருக்கு 120 நன்றாகப் போதும். 240 ஃப்ரேம் எடுத்தும் ஷட்டர் 1/250-இல் நின்றால் உங்களிடம் இருப்பது 60 கலங்கிய படங்கள்.

படி 1: விளக்கு

பலரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லென்ஸ் திறப்பு எஃப் 2, ஷட்டர் 1/2000, கெயின் (கேமரா படத்தைப் பிரகாசமாக்கும் அளவு) ஐஎஸ்ஓ 800-க்குச் சமம் என்றால் ஆடுபவர் மேல் சுமார் 2,500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். 1/1000 போதுமென்றால் அதில் பாதி. வீட்டு அறைகளில் இரவில் 150 முதல் 300 லக்ஸ்தான் இருக்கும். ஆடுபவர் நிற்கும் 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடத்தில் 2,500 லக்ஸ் விழ, விளக்குகள் மொத்தம் 10,000 லூமென் ஒளி தர வேண்டும். சுவரிலும் கூரையிலும் சிதறிப் போவதையும் சேர்த்தால் இருமடங்கு வைத்துக்கொள்ளுங்கள். வாட்டுக்கு 100 லூமென் தரும் எல்இடி என்றால் மொத்தம் 200 வாட், அதாவது 50 வாட் விளக்கு நான்கு.

வாட்டை மட்டும் பார்த்து விளக்கு வாங்கிவிடாதீர்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் (இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன்) மலிவான எல்இடி வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 60 ஹெர்ட்ஸ், அங்கே 120 முறை. கண்ணுக்கு இது தெரியாது. 1/2000 ஷட்டருக்கு அப்பட்டமாகத் தெரியும்: ஒரு ஃப்ரேம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். படத்தை வரி வரியாகப் படிக்கும் ரோலிங் ஷட்டர் கேமராவாக இருந்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும்.

கேமரா மென்பொருளில் "50 ஹெர்ட்ஸ் / 60 ஹெர்ட்ஸ்" என்று ஒரு தெரிவு இருக்கும், அதை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது. ஆட்டோ எக்ஸ்போஷரில் இருக்கும்போது ஷட்டரை 1/100-இன் மடங்குகளில் நிறுத்துவதற்குத்தான் அந்தத் தெரிவு. ஷட்டரை நாமே 1/2000 என்று பூட்டியபின் அதற்கு வேலையே இல்லை. சரிசெய்ய வேண்டியது விளக்கைத்தான்.

கடையில் "டிஓபி" என்று விற்கும் ஃபிளட் லைட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். தனி டிரைவர் (இங்கே கிளப் அல்ல, எல்இடிக்கு மின்சாரம் தரும் சுற்று) இல்லாமல் எல்இடி தகட்டிலேயே சுற்றமைப்பு ஒட்டியிருக்கும் வகை அது, பெரும்பாலும் துடிக்கும். தனி கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர் உள்ள, "ஃபிளிக்கர் ஃப்ரீ" என்று குறித்த விளக்கை வாங்குங்கள். 24 வோல்ட் டிசி எல்இடி பேனலை நல்ல எஸ்எம்பிஎஸ் மின்சப்ளையில் போட்டாலும் பிரச்சினை வராது. எதிலும் டிம்மர் வேண்டாம். பெரும்பாலான டிம்மர்கள் விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன, துடிப்பு திரும்ப வந்துவிடும்.

வாங்கும் முன் சோதிக்க ஒரு வழி: போனில் 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷனை வைத்து, விளக்கு விழும் வெள்ளைச் சுவரைப் பத்து வினாடி படம்பிடியுங்கள். மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது சுவர் அலை அலையாகத் துடித்தால் அந்த விளக்கு வேண்டாம். கடைக்காரர் முன்னாலேயே செய்து பார்க்கலாம்.

விளக்குகளைக் கேமரா இருக்கும் பக்கங்களிலிருந்தே, தலைக்கு மேல் உயரத்திலிருந்து சாய்த்து அடியுங்கள். கேமராவுக்கு எதிர்ப்பக்கம், ஆடுபவருக்கு அப்பாலிருந்து அடித்தால் அவர் நிழலுருவமாகிவிடுவார். புரொஜெக்டர் திரை வைத்திருந்தால் விளக்கின் பக்கவாட்டுத் தகடுகளைத் திரைப் பக்கம் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் திரை வெளுத்துப் போகும்.

படி 2: கேமராவும் லென்ஸும்

புதியவர்களுக்கு என் சிபாரிசு, ஓவி9281 சென்சார் உள்ள கறுப்பு வெள்ளை யுஎஸ்பி கேமரா இரண்டு. 1280×800 அளவில் 120 ஃப்ரேம் தரும். முக்கியமாக, இது குளோபல் ஷட்டர், முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிக்கும். ரோலிங் ஷட்டர் கேமரா படத்தை வரி வரியாகப் படிப்பதால், வேகமாக வரும் ஷாஃப்ட் வில் மாதிரி வளைந்து தெரியும். எது நிஜமான வளைவு, எது கேமரா உண்டாக்கியது என்று பிரித்தறிய வழியே இல்லை. 4கே என்று எழுதிய வெப்கேமராக்களை இந்த வேலைக்கு நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். நிறம் இல்லாதது குறையா என்றால், இல்லை. நிற வடிகட்டி இல்லாததால் அதே வெளிச்சத்தில் கூடுதல் பிரகாசம் கிடைக்கிறது.

லென்ஸ் கணக்கு எளிது: சென்சார் அளவை தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் படத்தில் அடங்கும் அளவு வரும். ஓவி9281 சென்சார் 3.84 × 2.4 மி.மீ. கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி, 3 மீட்டர் தள்ளி, 3.6 மி.மீ. லென்ஸ் போட்டால் 3.2 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் அடங்கும். பந்துக்குப் பின்னாலிருந்து இலக்கை நோக்கி எடுக்க, அதாவது டவுன்-தி-லைனுக்கு, இது சரி. ஆடுபவரின் நெஞ்சுக்கு எதிரே முன்னாலிருந்து எடுக்கும் ஃபேஸ்-ஆனுக்கு 2 மீட்டர் அகலம் பத்தாது. கிளப் பக்கவாட்டில் நீளும்போது தலை வெட்டுப்பட்டுவிடும். அங்கே 2.8 மி.மீ. போடுங்கள், அகலம் 2.5 மீட்டருக்கு மேல் கிடைக்கும். இவை எம்12 திருகு லென்ஸ்கள், கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். சரியானதும் பூட்டு வளையத்தை இறுக்கிவிடுங்கள், பந்து அடிக்கும் அதிர்வில் மெல்ல நகரும்.

நல்ல போன் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். 240 ஃப்ரேமில் எடுங்கள். ஷட்டரை நாமே பூட்டுகிற ஆப் மட்டும் கட்டாயம் வேண்டும்.

படி 3: கேமராவை எங்கே நிறுத்துவது

உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான்: பந்துக்கு முன் நிற்கும்போது கை இருக்கும் உயரம், பெரும்பாலும் தரையிலிருந்து 80 முதல் 90 செ.மீ.

ஃபேஸ்-ஆன் கேமரா இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக, ஆடுபவரின் நெஞ்சுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். ஷாங்க் ஆனால், அதாவது பந்து கிளப்பின் கழுத்தில் பட்டுவிட்டால், அது இந்தக் கேமரா இருக்கும் பக்கம்தான் பாயும். முன்னால் ஒரு பாலிகார்பனேட் தகடு வையுங்கள்.

டவுன்-தி-லைன் கேமராவில்தான் கவனம் வேண்டும். பந்திலிருந்து இலக்குக்குப் போகும் கோட்டில் ஒரு அலைன்மென்ட் குச்சி போடுங்கள். அதற்கு இணையாக, கைகளுக்கு நேர் கீழே இன்னொன்று. கேமராவின் மையம் இந்த இரண்டாவது குச்சியின் நீட்சியில் இருக்க வேண்டும். படத்தில் அந்தக் குச்சி நட்ட நடுவில், நேர் செங்குத்தாகத் தெரிந்தால் சரி. பந்துக் கோட்டுக் குச்சி சற்றுச் சாய்ந்து தெரியும், அது இயல்பு. அதையும் நேராக்கப் பார்க்காதீர்கள்.

3 மீட்டர் தூரத்தில் கேமரா 15 செ.மீ. பக்கவாட்டில் விலகினால் பார்வைக் கோணம் கிட்டத்தட்ட 3 டிகிரி மாறிவிடும். சுவிங் பிளேன் (கிளப் சுழலும் தளம்) போன வாரத்தைவிடச் செங்குத்தாகிவிட்டது என்று நீங்கள் கவலைப்படும்போது நிஜத்தில் நகர்ந்தது ட்ரைபாடாக இருக்கும். அதனால் ட்ரைபாடின் மூன்று கால்களையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டுங்கள்.

அதோடு முடியவில்லை. பந்தின் இடம் மாறாமல் இருந்தால், டிரைவருக்கு ஆடுபவர் குட்டையான கிளப்பான 7-ஆம் அயர்னைவிட ஒரு சாண் பின்னால் தள்ளி நிற்பார். கைகளின் கோடும் அவரோடு நகரும், கேமரா நகராது. இரண்டு வழி இருக்கிறது. லாஞ்ச் மானிட்டர் (அடித்த பந்தை அளக்கும் கருவி) இல்லாதவர்கள் கால் வைக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு பந்தை முன்னும் பின்னும் மாற்றலாம். லாஞ்ச் மானிட்டரால் பந்தின் இடம் நிலையாக இருந்தால், அயர்னுக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று என்று தரையில் இரண்டு நிறத்தில் டேப் குறி வேண்டும்.

கடைசியாக, கேமரா சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ட்ரைபாடில் இருக்கும் ரசமட்டக் குமிழியை நம்ப வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை ஆடுபவர் நிற்கும் இடத்துக்கு மேல், படத்தின் நடுவில் வரும்படி கூரையிலிருந்து தொங்கவிடுங்கள். குண்டு ஆடுவது நின்றதும், கினோவியாவில் (வீடியோவை அலசும் மென்பொருள், படி 4-இல் வருகிறது) நேர் செங்குத்தாக ஒரு கோடு போட்டு நூலோடு ஒப்பிடுங்கள். நூலும் கோடும் மேலிருந்து கீழ்வரை ஒட்டியே போகும்வரை கேமராவைத் திருப்புங்கள்.

படி 4: கினோவியா

இலவசம், திறமூலம், விண்டோஸில் மட்டும் ஓடும். வரையவும் அளக்கவும் ஒப்பிடவும் கற்றுக்கொள்பவருக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. புதிய பதிப்பையே போடுங்கள், பழைய 0.8.15-இல் ஒலி கேட்டுத் தானாகப் பதியும் வசதி கிடையாது.

கேமரா அமைப்பில் வடிவம் எம்ஜேபெக், அளவு 1280×800, 120 ஃப்ரேம். எக்ஸ்போஷரை மேனுவலுக்கு மாற்றுங்கள். சில கேமராக்களில் வினாடிக் கணக்குக்குப் பதில் -5, -10 மாதிரி எண்கள் வரும். அவை இரண்டின் அடுக்குகள்: -10 என்றால் 1/1024 வினாடி, -11 என்றால் 1/2048. குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்டும் தெரிவு ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் ஃப்ரேம் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிடும்.

இனி தானியங்கிப் பதிவு. பிரிஃபரன்சஸில் கேப்சர் பகுதிக்குப் போய் ரெக்கார்டிங் மோடை "டிலேய்டு" என்று வையுங்கள். கேப்சர் திரையில் தாமதம் 2 வினாடி. ஆட்டோமேஷனில் ஆடியோ ட்ரிகரை இயக்கி, 3 வினாடியில் பதிவு நிற்கும்படி செய்யுங்கள். பந்தில் அடிபடும் சத்தம் கேட்டதும் பதிவு தொடங்கும். திரையில் ஓடுவது 2 வினாடி பழைய படம் என்பதால், சுவிங் தொடக்கத்திலிருந்து முழுசாக விழும். கிளப் பின்னால் போக ஏறக்குறைய முக்கால் வினாடி, கீழே வர கால் வினாடி. 2 வினாடி தாராளம்.

மைக்கை மேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். வலையருகே வைத்தால் பந்து வலையில் மோதுவதும் ஒரு சத்தமாகப் பதியும். அடுத்தடுத்த சத்தத்தைப் புறக்கணிக்கும் இடைவெளியை 5 வினாடி என்று வைத்தால் ஒரே அடிக்கு இரண்டு கோப்பு வராது. சத்த அளவை, கிளப் மேட்டில் லேசாகத் தட்டும்போது தூண்டாமல், பந்தில் பட்டால் தூண்டும்படி நகர்த்தி நிறுத்துங்கள்.

பதியும்போது திரையில் "ட்ராப்ஸ்" எண்ணைப் பாருங்கள். அது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் கணினி திணறுகிறது என்று அர்த்தம். எஸ்எஸ்டி-யில் சேமிக்கிறீர்களா, பின்னணியில் வேறு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள்.

இரண்டு வீடியோவையும் ஒத்திசைக்க, இரண்டிலும் பந்து நகரும் முதல் ஃப்ரேமில் நிறுத்தி, இணைந்து ஓடும்படி பூட்டுங்கள். 120 ஃப்ரேமில் அதிகபட்சம் ஒரு ஃப்ரேம், அதாவது 8 மில்லி வினாடி பிசகும். கற்றுக்கொள்ள இது போதும்.

போனில் எடுத்த ஸ்லோ மோஷன் கோப்பைத் திறக்கும்போது வீடியோ டைமிங் அமைப்பில் அது 240 ஃப்ரேமில் எடுத்தது என்று சொல்லிவிடுங்கள். விட்டுவிட்டால் கால் வினாடி 2 வினாடியாகக் காட்டும், டெம்போ (சுவிங்கின் தாளம்) கணக்கெல்லாம் பாழ்.

பின்சேர்க்கை

இரண்டாவது கேமரா தொடங்க மறுக்கிறது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. இரண்டையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் செருகியிருப்பீர்கள். ஒவ்வொரு கேமராவும் தனக்கென்று பாதையில் பெரும்பகுதியை ஒதுக்கிக்கொள்ளும், அடுத்ததற்கு இடம் இருக்காது. டெஸ்க்டாப்பில் ஒன்றை முன்பக்கமும் மற்றதைப் பின்பக்கமும் செருகிப் பாருங்கள். சரிவரவில்லையென்றால் தனி யுஎஸ்பி கார்டு ஒன்று போடுங்கள். லேப்டாப்பில் எல்லாத் துளைகளும் பெரும்பாலும் ஒரே கன்ட்ரோலரில்தான் போய் முடியும். அங்கே ஒரு கேமராவை 60 ஃப்ரேமுக்கு இறக்குவதுதான் நடைமுறை வழி, அதையும் ஃபேஸ்-ஆனில் செய்யுங்கள்.

இடக்கை ஆட்டக்காரர் அதே மேட்டில் நின்றால் ஃபேஸ்-ஆன் கேமராவுக்கு அவர் முதுகுதான் தெரியும். அந்தக் கேமராவை எதிர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டும். டவுன்-தி-லைன் கேமராவும் பந்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தாண்டிப் போகும், அதற்கு மூன்றாவது நிறத்தில் டேப்.