கீரைப் பாத்தியில் ஈயம் இருக்கிறதா? வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு செய்முறை

பொங்கலுக்கு முன்னால் அம்மா வீட்டு ஜன்னல்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். மறுநாள் கீழே இருந்த முளைக்கீரைப் பாத்தியைப் பார்த்தேன். இலையிலும் மண்ணிலும் நகக்கண் அளவுக்குப் பச்சைப் பெயின்ட் செதில்கள். நாற்பது வருடப் பெயின்ட் அது. அன்றைக்கே அந்தக் கீரையை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டோம்.

இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-இல் நின்றது. அதற்கு முன் மண்ணில் விழுந்தது மக்கிப்போகாது, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் உலோகம் இது. இந்த அளவுவரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதலில் வீட்டைச் சுற்றி வாருங்கள். பழைய சுவர், கிரில், ஜன்னல் ஓரம், பரபரப்பான சாலையைப் பார்த்த பக்கம், இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருந்த இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். பழைய பேட்டரிப் பெட்டியில் செடி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

சாம்பலையும் கவனியுங்கள். அசுவினிப் பூச்சிக்குச் சாம்பல் தூவுவது நம் வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் பெயின்ட் அடித்த பழைய கதவையோ நிலையையோ வெந்நீர் அடுப்பில் எரித்திருந்தால் பெயின்டில் இருந்த ஈயம் அந்தச் சாம்பலில் தங்கியிருக்கும். அதைச் செடிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து மண் மாதிரி. ஒரு பாத்தியில் எட்டுப் பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பையில் கட்டுங்கள். சுவரோர மண்ணை நடுத்தோட்ட மண்ணோடு கலக்க வேண்டாம், தனிப் பையில் போடுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) சத்துகளைத்தான் பார்ப்பார்கள். ஈயத்தின் மொத்த அளவு வேண்டும் என்று தனியாகக் கேட்டு, அதைச் செய்யும் ஆய்வகத்தில் கொடுங்கள்.

முடிவை எதோடு ஒப்பிடுவது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருந்த 400 பிபிஎம் எச்சரிக்கை அளவை 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தது. கிலோ மண்ணுக்கு 200 மில்லிகிராம் என்று அர்த்தம். அதைத் தாண்டினால் அந்த இடத்தில் உணவுப் பயிரே வேண்டாம் என்பது என் கருத்து.

பிறகு இடம் மாற்றுங்கள். கீரை, முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி எல்லாம் சுவரோரத்திலிருந்து வெளியே வரட்டும். வெளியிலிருந்து வாங்கிய சுத்தமான மண்ணும் மண்புழு உரமும் நிரப்பிய குரோ பேக் (செடி வளர்க்கும் பை) போதும். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற காய்களுக்குள் ஈயம் மிகக் குறைவாகத்தான் ஏறும். சுவரோரத்தில் செம்பருத்தி, அரளி வைக்கலாம். வெறும் மண் தெரியாதபடி காய்ந்த இலையால் மூடாக்கு போடுங்கள். மழைத்துளி பட்டு மண் இலையில் தெறிப்பதும், புழுதி வீட்டுக்குள் வருவதும் குறையும்.

உண்மையில் செடி உறிஞ்சுவதைவிட, இலையில் ஒட்டிய மண்ணும் குழந்தையின் விரலில் ஒட்டிய மண்ணும்தான் பெரிய ஆபத்து. கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள், கிழங்கைத் தோல் சீவுங்கள், தோட்டச் செருப்பை வாசலிலேயே விடுங்கள். மண் தின்னும் பழக்கமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக இழுக்கும், அதையும் சேர்த்தே கேளுங்கள்.