பாரசீகத் தேசிய அடையாளத்தில் தொன்மத்தையும் வரலாற்றையும் சேர்த்து வாசிப்பது எப்படி?

ஈரானியரின் தேசிய உணர்வை அறிய முற்படுவோர் பெரும்பாலும் அரச வம்சங்களின் வரிசையை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குகிறார்கள். அதைவிட, இடங்களிலிருந்து தொடங்குவது பயன் தரும். அகாமனிசியப் பேரரசர் முதலாம் டேரியஸ் கட்டத் தொடங்கிய பெர்சிபோலிஸ் என்னும் தலைநகரை ஈரானியர் இன்றும் தக்தே ஜம்ஷித் என்று, புராண மன்னன் ஜம்ஷிதின் அரியணையாகவே குறிப்பிடுகிறார்கள். டேரியஸின் கல்லறை குடையப்பட்டுள்ள பாறைக்குக் காவிய வீரன் ருஸ்தமின் பெயர். அகாமனிசியப் பேரரசை நிறுவிய சைரஸின் கல்லறையோ பல நூற்றாண்டுகள் சுலைமான் நபியின் தாயாருடையதாகக் கருதப்பட்டது. ஆகவே எந்தச் சின்னத்தை எடுத்துக்கொண்டாலும், அதைக் கட்டியவர் யார், மக்கள் அதை யாருடையதாக நம்பினார்கள், அந்த நம்பிக்கை எப்போது, யாரால் மாறியது என்பவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மன்னர்களின் காவியமான ஷாநாமாவுக்கு வாருங்கள். கவிஞர் ஃபிர்தௌசி 1010-இல் நிறைவு செய்த, ஏறத்தாழ 50,000 ஈரடிகள் கொண்ட இக்காவியம், முதல் மன்னன் கயூமர்ஸில் தொடங்கி, இஸ்லாத்துக்கு முந்தைய கடைசிப் பேரரசான சாசானியப் பேரரசின் வீழ்ச்சியில் முடிகிறது. தொன்மம் எங்கே முடிந்து வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க அதில் இடமில்லை. சைரஸின் பெயரும் அதில் இல்லை. முழுவதையும் படிக்க இயலாதவர்கள் காவே என்னும் கொல்லனின் கதையையாவது படிக்க வேண்டும். தோள்களில் பாம்புகள் முளைத்த கொடுங்கோல் மன்னன் ஸஹ்ஹாக், அவற்றுக்கு இரையாக நாள்தோறும் இளைஞர்களின் மூளையைக் கொடுக்கிறான். தான் நீதிமான் என்று சான்று எழுதிப் பெரியோரிடம் கையொப்பமும் வாங்குகிறான். மற்ற மகன்களைப் பாம்புகளுக்கு இழந்து, எஞ்சிய ஒரு மகனை விடுவிக்கக் கேட்டு அவைக்கு வந்த காவே அந்தச் சான்றைக் கிழித்தெறிந்து, தன் தோல் மேலாடையை ஈட்டி முனையில் கட்டிக் கொடியாக உயர்த்துகிறான். கொடுங்கோலைக் குடிமகனே எதிர்க்கும் இந்தக் காட்சியின் வலிமையால்தான், 1916-இல் பெர்லினில் ஈரானியத் தேசியவாதிகள் தொடங்கிய இதழுக்குக் காவே என்றே பெயரிட்டார்கள்.

அகாமனிசியர் மீண்டும் பொது நினைவுக்குள் வந்தது பெரிதும் 19-ஆம் நூற்றாண்டில்தான். டேரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டு வாசிக்கப்பட்டது. 1879-இல் பாபிலோனில் சைரஸின் கட்டளைகள் பொறித்த களிமண் உருளை கிடைத்தது. 20-ஆம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட பஹ்லவி அரசர்கள் இந்தப் புதிய வரலாற்றையும் பழைய காவியத்தையும் ஒருசேரக் கையாண்டார்கள். 1934-இல் தூஸில் ஃபிர்தௌசிக்கு நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. 1971-இல் பெர்சிபோலிஸில் முடியாட்சியின் 2,500 ஆண்டு விழா நடந்தது. 1976-இல் நாட்காட்டியையே சைரஸிலிருந்து கணக்கிட ஆணையிட்டார்கள். இந்தக் கடைசி ஆணை இரண்டே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. மக்களின் நினைவை ஆணை பிறப்பித்து மாற்ற முயல்வதற்கு இதைவிடத் தெளிவான எல்லை வேண்டியதில்லை.

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இஸ்லாத்துக்கு முந்தையது தேசியம், பிந்தையது மதம் என்று பிரிப்பது எளிது. ஈரானியரின் நினைவு அப்படிப் பிரிவதில்லை. 1501-இல் சபாவி வம்சத்தினர் இஸ்லாத்தின் ஷியா பிரிவை அரச மதமாக்கிய பின், 680-இல் கர்பலாவில் கொல்லப்பட்ட, முகம்மது நபியின் பேரன் ஹுசைனுக்கான துக்கம் நாட்டின் பொது உணர்வாக வளர்ந்தது. ஷாநாமாவில் வரும் குற்றமற்ற இளவரசன் சியாவஷின் கொலைக்கான பழைய புலம்பல் மரபோடு அதை ஒப்பிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஹுசைனின் மனைவியாகக் கடைசிச் சாசானிய மன்னனின் மகள் ஷஹர்பானுவைச் சொல்லும் கதையை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. ஆயினும் அவர் பெயரில் ரே நகருக்கு அருகே தலம் இருக்கிறது. கதை உண்மையா என்பதோடு நின்றுவிடாமல், அரச குலத்தையும் ஷியாக்களின் தலைவர்களான இமாம்களின் குலத்தையும் ஒரே குருதியில் இணைக்க ஏன் ஆசை எழுந்தது என்றும் கேளுங்கள்.

இறுதியாக, பாரசீக மொழி பேசாதோரின் பக்கமிருந்தும் இதே கதைகளைப் பாருங்கள். காவியத்தின் பகைநாடான துரான் பிற்காலத்தில் துருக்கியரோடு சேர்த்துப் பேசப்பட்டது. ஈரானிலோ அஜர்பைஜானியர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். குர்துகள் நவ்ரூஸ் என்னும் புத்தாண்டு நாளில் நெருப்பு மூட்டி, காவேயைத் தங்கள் விடுதலை வீரனாகக் கொண்டாடுகிறார்கள்.